லொத் ஆற்றுப் பள்ளத்தாக்கில் நாலு நாள் கிராவல் சைக்கிள்: எந்த வழியாகப் போகலாம்?

நீங்கள் கேட்டது இது. மே மாதத்தில் அசான்சியோன் (இயேசு விண்ணேறிய திருநாள்) விடுமுறையோடு சேர்த்து நாலு நாள் கிடைக்கிறது. பாரிஸிலிருந்து ரயிலில் தென்மேற்கு பிரான்ஸின் காவோர் போய் இறங்கி, கிராவல் சைக்கிளில், அதாவது மண், சரளைப் பாதைக்கென்று அகல டயர் போட்ட சைக்கிளில், லொத் ஆற்றை ஒட்டியே ஃபிஜாக் வரை போய்த் திரும்ப வேண்டும். முடிந்தவரை தார் ரோடு வேண்டாம். இதற்கு எந்த ஆப் காட்டும் வழியை நம்பலாம்? இந்தக் கேள்விக்குள் இன்னொரு கேள்வி இருக்கிறது: ஆற்றோரமாகவே மண்பாதை உண்டா? முதலில் அதற்குப் பதில் சொல்லிவிடுகிறேன். காவோருக்குக் கிழக்கே ஆற்றின் கரையில் தொடர்ச்சியான மண்பாதை கிடையாது. நல்ல மண்பாதை முழுவதும் மேலே, இருநூறு மீட்டர் உயரத்தில், ஆற்றின் இரு பக்கமும் விரிந்து கிடக்கும் சுண்ணாம்புக்கல் மேட்டில் இருக்கிறது. நான் துலூஸில் வசிக்கிறேன். சைக்கிள் வழிகாட்டியாகப் பயிற்சி எடுத்து, பல வருடமாக இந்தப் பகுதிக்கு ஆட்களைக் கூட்டிப் போகிறேன். பள்ளத்தாக்கு என்ற பெயரைப் பார்த்து ஆற்றையே பிடித்துக்கொண்டு போகிறவர்கள், நாலு நாளும் கார்களுக்கு ஒதுங்கி ஒதுங்கி ஓட்டிவிட்டு ஏமாற்றத்தோடு ஊர் திரும்புவதைப் பார்க்கிறேன். உங்களுக்கு அப்படி ஆகக் கூடாது என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

லொத் ஆறு லோசேர் மலையில் பிறந்து, மேற்கே ஓடி, கரோன் ஆற்றில் கலக்கிறது. ஃபிஜாக் பக்கத்திலிருந்து காவோர் வரை அது கெட்டியான சுண்ணாம்புப் பாறையை அறுத்துக்கொண்டு வளைந்து வளைந்து போகிறது. ஒவ்வொரு வளைவிலும் வெளிப்பக்கம் செங்குத்தான பாறைச் சுவர், உள்பக்கம் ஒரு துண்டுத் தட்டை நிலம். அந்தத் தட்டை நிலம்தான் ஊருக்கே நல்ல வயல். மக்காச்சோளமும் வால்நட் மரமும் நிற்கும் தனியார் நிலம் அது. அதில் பொதுப் பாதைக்கு இடம் விடவில்லை. மீதி இருக்கும் ஒடுங்கிய இடத்தில் டி662 சாலையும், 1886-ல் போட்ட காவோர்–கப்தெனாக் ரயில் பாதையும் நெருக்கிக்கொண்டு ஓடுகின்றன. அந்த ரயில் பாதையில் பயணி ரயில் நின்று நெடுங்காலம் ஆகிவிட்டது. அதைச் சைக்கிள் பாதையாக்கும் பேச்சும் நெடுங்காலமாக இருக்கிறது. முறையாகத் திறந்துவிட்ட பகுதி என்று பலகை இருந்தால் ஒழிய அதில் ஏறாதீர்கள். சுரங்கமும் பழைய பாலமும் நிறைய உள்ள பாதை அது.

மேலே போனால் கதையே வேறு. இந்த மேட்டு நிலத்தைக் கோஸ் என்பார்கள். ஆற்றுக்குத் தெற்கே லிமோஞ் கோஸ், வடக்கே செலே என்ற கிளையாற்றையும் தாண்டினால் கிராமா கோஸ். 1999-லிருந்து இது கெர்சி கோஸ் வட்டார இயற்கைப் பூங்கா. 2017-ல் யுனெஸ்கோ உலகப் புவிப்பூங்காவாகவும் ஆனது. குட்டையான ஓக் மரங்கள், ஜூனிப்பர் புதர், சாந்து இல்லாமல் அடுக்கிய கல் சுவர்கள், கண்ணைச் சுற்றிக் கறுப்பு வட்டம் உள்ள ஆடுகள். இங்கே பாதைகள் இத்தனை அடர்த்தியாக இருப்பதற்குக் காரணம் உண்டு. ஒரு காலத்தில் இந்த மேடு முழுவதும் ஆட்களும் திராட்சைத் தோட்டமும் ஆட்டுப்பட்டியும் இருந்தன. 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஃபிலொக்செரா பூச்சி திராட்சையை அழித்தது. ஜனங்கள் நகரத்துக்குப் போனார்கள். வயல் காடானது, ஆனால் வயலுக்குப் போன பாதைகள் அப்படியே நின்றுவிட்டன. போக ஆள் இல்லாத பாதைக்கு யாரும் தார் போடவில்லை. நாம் இன்று அனுபவிப்பது அதைத்தான்.

எல்லாப் பாதையும் ஒரே மாதிரி இருக்காது, இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். முதல் வகை காஸ்தின் போட்ட பாதை. காஸ்தின் என்பது உடைத்து இறுக்கிய வெள்ளைச் சுண்ணாம்புச் சரளை. டிராக்டர் போகிற பாதைக்கு ஊராட்சி இதைத்தான் கொட்டும். காய்ந்திருந்தால் மணிக்கு இருபது கிலோமீட்டர் வேகத்தில்கூட அலுங்காமல் போகலாம். நண்பகல் வெயிலில் கண் கூசும், குளிர்கண்ணாடி அவசியம். இரண்டாவது, நடுவில் புல் வளர்ந்த இரட்டைத் தடம். இதுவும் நல்லதுதான். மூன்றாவது, இரண்டு கல் சுவர்களுக்கு நடுவே போகும் பழைய வண்டிப் பாதை. படத்தில் பார்க்க அழகாக இருக்கும். ஆனால் மண் அரித்துப் போய்ப் பாறைத் தளமே வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். சுவரிலிருந்து விழுந்த கல் தடத்தில் கிடக்கும், ஓரத்தில் முள் நீண்டிருக்கும். ஒரு கிலோமீட்டருக்கு இது சுகம். ஐந்து கிலோமீட்டருக்கு மணிக்கட்டு வலிக்கும். நாலாவது, பள்ளங்களில் தேங்கிய செம்மண். காய்ந்தால் பிரச்சினை இல்லை. மழை பெய்தால் டயருக்கும் ஃபிரேமுக்கும் நடுவில் அப்பிக்கொண்டு சக்கரத்தையே நிறுத்திவிடும்.

ஆகவே வழியை நான் போடும் முறை இது: காலையில் ஒரு முறை மேட்டில் ஏறுவது, பகல் முழுவதும் மேட்டில் மண்பாதை, மாலையில் ஆற்றுக்கோ மேட்டிலுள்ள பெரிய ஊருக்கோ வந்து தங்குவது. ஒவ்வொரு ஏற்றமும் இருநூறு மீட்டருக்குக் குறையாது, எட்டுப் பத்து சதவீதச் சரிவு சாதாரணம். ஒரே நாளில் நாலு தடவை ஏறி இறங்கும் வழியை ஆப் அழகாகப் போட்டுக் கொடுக்கும். பை கட்டிய சைக்கிளில் அது பெரிய தண்டனை. ஒரு நாளைக்கு அதிகம் போனால் இரண்டு ஏற்றம், ஐம்பதிலிருந்து அறுபது கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்தத் தரையில் சுமையோடு சராசரி மணிக்குப் பன்னிரண்டு கிலோமீட்டர்தான் வரும்.

முதல் நாள் காவோரிலிருந்து லிமோஞ். ஸ்டேஷனிலிருந்து இறங்கி வலாந்த்ரே பாலத்தைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். மூன்று கோபுரம் உள்ள 14-ஆம் நூற்றாண்டுப் பாலம், ஸ்டேஷனிலிருந்து நடக்கும் தூரம்தான். பிறகு ஊரைத் தாண்டித் தென்கிழக்கே மேட்டில் ஏறினால், லபுர்காத் பக்கம் போய், அங்கிருந்து பாக், வரேர் ஊர்கள் வரை ஒரு பழைய பாதை கிடைக்கும். கமி கஸ்கோ என்பார்கள், ரோமானியர் கால வழி. இன்று அது, ஸ்பெயினின் சந்தியாகோ கோயிலுக்குப் போகும் யாத்திரைப் பாதையான ஜிஆர்65 என்ற நெடுந்தூர நடைபாதையின் ஒரு பகுதி. பாக்–காவோர் துண்டு 1998-ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது, சுமார் இருபத்தாறு கிலோமீட்டர். ஓக் காட்டுக்குள் பெரும்பாலும் நேராக, அகலமாக, கிராவல் டயருக்கென்றே போட்டது போலப் போகும். முழுப் பயணத்திலும் ஒரே ஒரு துண்டுதான் ஓட்ட முடியும் என்றால் இதைத்தான் ஓட்டச் சொல்வேன். பாக் ஊருக்குப் பக்கத்தில் குலூ தொரால் என்ற பழைய பாஸ்பேட் சுரங்கம் இருக்கிறது. 1870-களில் உரத்துக்காகத் தோண்டிய பள்ளங்களில் கோடிக்கணக்கான ஆண்டு பழமையான விலங்குகளின் புதைபடிவம் குவியலாகக் கிடைத்தது. திறந்திருந்தால் ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள்.

இந்தப் பக்கத்து ஊர்களில் துணி துவைக்கும் குளங்களைக் கட்டாயம் நின்று பாருங்கள். லபுர்காத், வரேர், லிமோஞ் எல்லாவற்றிலும் உண்டு. வண்ணத்துப்பூச்சித் துறை என்று பெயர். பெரிய சுண்ணாம்புப் பலகைகளைச் சாய்த்து இரண்டு வரிசையாக நட்டிருப்பார்கள். பெண்கள் அதன் மேல் துணியைப் போட்டுக் குனியாமல் நின்றபடி துவைத்திருக்கிறார்கள். பலகையின் மேல் விளிம்பைக் கையால் தடவிப் பார்த்தால், தேய்ந்து மழுங்கி வழவழவென்று இருக்கும். மழை பெய்த அடுத்த நிமிடமே தண்ணீர் பாறைக்குள் போய்விடுகிற மேட்டில், தேங்குகிற ஒரு குட்டை எவ்வளவு பெரிய சொத்து என்பது அந்தக் கல்லைப் பார்த்தால் புரியும். ஆனால் அந்தத் தண்ணீரைக் குடிக்க வேண்டாம்.

இரண்டாம் நாள் லிமோஞ்சிலிருந்து கஜார்க் வழியாக ஃபிஜாக். கஜார்க் வரை பதினெட்டு கிலோமீட்டர் போல, மண்ணும் சின்னத் தார் ரோடும் கலந்து வரும், கடைசியில் ஆற்றுக்கு ஒரு நீண்ட இறக்கம். அந்த இறக்கத்தில் யாத்திரைப் பாதையை விட்டுவிட்டு ரோட்டிலேயே இறங்குங்கள், பாதை கல்லும் சறுக்கலுமாக இருக்கும். கஜார்க்கில் கடை, ரொட்டி, சாப்பாடு எல்லாம் கிடைக்கும். சாப்பிட்டுவிட்டு வடக்கே ஏறினால் கிரெயாலு. அந்த ஊர்ப் பக்கத்தில் பெஷ் லக்லேர் என்ற இடத்தில் பாதையோரமாக ஒரு டோல்மென் நிற்கிறது, புதிய கற்காலத்துக் கல்திட்டை. எதிரிலேயே ஒரு பழைய கற்சிலுவை. இரண்டையும் ஒரே பார்வையில் பார்க்கலாம். அங்கிருந்து ஃபேசெல் வரை மேட்டு விளிம்பில் ஓட்டம். வலது பக்கம் கீழே லொத் ஆறு விட்டுவிட்டுத் தெரியும். ஃபிஜாக்கில் சீக்கிரம் போய்ச் சேர்ந்தால் எகிப்தியச் சித்திர எழுத்தைப் படித்துக் காட்டிய ஷம்போலியோன் பிறந்த வீட்டுக்குப் பின்னால் உள்ள முற்றத்துக்குப் போங்கள். அவர் படிக்க உதவிய ரொசெட்டா கல்வெட்டைப் பெரிய கறுப்புக் கல்லில் தரை முழுக்கப் பொறித்து வைத்திருக்கிறார்கள், அதன் மேலேயே நடக்கலாம்.

இந்த இரண்டு நாளும் நீங்கள் யாத்திரைக்காரர்களின் பாதையில் இருப்பீர்கள், அதுவும் மே மாதத்தில். அவர்கள் ல புய் ஊரிலிருந்து மேற்கே நடக்கிறார்கள், நீங்கள் கிழக்கே போகிறீர்கள். இது நல்லதுக்குத்தான். எதிரெதிரே வருவதால் ஒருவரை ஒருவர் தூரத்திலேயே பார்க்க முடியும். பின்னாலிருந்து வந்து திடுக்கிட வைக்கும் சங்கடம் இல்லை. இருந்தாலும் நடப்பவருக்கு வழி விடுவது நம் பொறுப்பு. வேகத்தைக் குறைத்து ஒரு பொன்ழூர் (வணக்கம்) சொல்லுங்கள், ஒடுங்கிய இடத்தில் இறங்கி நில்லுங்கள். சட்டப்படி ஊருக்குச் சொந்தமான கிராமப் பாதைகளில், தடைப் பலகை இல்லாதவரை சைக்கிளுக்கு அனுமதி உண்டு. சிவப்பு வெள்ளைக் கோடு நடப்பவர்களுக்கான வழிக்குறி. அது இருப்பதாலேயே சைக்கிள் போகலாம் என்றோ போகக் கூடாது என்றோ அர்த்தம் இல்லை. தனியார் நிலம் என்று பலகை வைத்த காட்டுக்குள் நுழைவது 2023-லிருந்து அபராதத்துக்குரிய குற்றம். ஆப் கோடு காட்டினாலும் பலகை சொல்வதுதான் சட்டம். ஆட்டுப்பட்டி கேட்டைத் திறந்து போனால் எப்படி இருந்ததோ அப்படியே மூடிவிட்டுப் போங்கள்.

மூன்றாம் நாள்தான் முடிவெடுக்க வேண்டிய நாள். ஃபிஜாக்கிலிருந்து திரும்பி வர லொத் பக்கம் வேண்டாம், செலே ஆற்றைப் பிடியுங்கள். லொத்தைவிடச் சின்ன ஆறு, ஒடுங்கிய பள்ளத்தாக்கு, அழகில் ஒரு படி மேல். இதன் பாறை விளிம்பில் ஜிஆர்651 என்ற நடைபாதை போகிறது. நிறைய கிராவல் வழித்தடங்கள் அதில் ஏற்றிவிடுகின்றன, அது தவறு. படிக்கட்டு மாதிரிப் பாறை, பாதத்தளவு அகலம், ஒரு பக்கம் சரிவு. மலைச் சைக்கிளில் கைதேர்ந்தவருக்கே அங்கே இறங்கித் தள்ளும் நேரம் அதிகம். காலையில் கீழே டி41 ரோட்டிலேயே போங்கள். தார்தான், ஆனால் மே மாதக் காலையில் வண்டி குறைவு. கோர்ன், எஸ்பஞ்ஞாக், பிரெங் என்று ஊர்கள் வரும். எஸ்பஞ்ஞாக்கில் பழைய கன்னியர் மடத்தின் கோயில் இருக்கிறது. மரச்சட்டமும் செங்கல்லும் கலந்த அதன் மணிக்கூண்டை அந்தப் பக்கத்தில் வேறு எங்கும் பார்க்க முடியாது. பிரெங்கிலிருந்து வடக்கே மேட்டில் ஏறி, எஸ்பெதயாக் பக்கமாக கிராமா கோஸின் தெற்கு ஓரத்தைத் தொட்டு, மர்சியாக்கில் இறங்கினால், நாளின் நடுப்பகுதி முழுவதும் மண்பாதை. மர்சியாக்கில் பாதி இடிந்த மடாலயம் ஆற்றோரமாக நிற்கிறது. அங்கிருந்து கப்ரரே வரை மறுபடியும் டி41, பாறை தலைக்கு மேல் தொங்கும் துண்டு.

கால் நன்றாக இருந்து, வானமும் தெளிவாக இருந்தால், எஸ்பெதயாக்கிலிருந்து இன்னும் வடமேற்கே பிரோஞ் காட்டுக்குள் போகலாம். மணிக்கணக்கில் ஒரு வீடுகூட வராத ஓக் காடு, நிலத்தில் திடீர் திடீரென்று பாதாளக் குழிகள் திறந்திருக்கும். எனக்கு இந்த நாட்டிலேயே மிகவும் பிடித்த இடங்களில் ஒன்று அது. ஆனால் முதல் தடவை வருகிறவரை, தனியாக, அங்கே அனுப்ப எனக்கு மனம் இல்லை. தண்ணீர் கிடையாது, செல்போன் சிக்னல் விட்டுவிட்டுத்தான் வரும், பாதைகள் எல்லாம் ஒன்று போலவே இருக்கும். பாதையை விட்டுக் காட்டுக்குள் நடக்கவே கூடாது.

நாலாம் நாள் கப்ரரேயிலிருந்து காவோர். காலையில் முதல் வேலையாகப் பெஷ் மெர்ல் குகை, ஊருக்கு மேலே கொஞ்ச தூரம், செங்குத்து ஏற்றம். 1922-ல் அந்த ஊர்ப் பிள்ளைகள் கண்டுபிடித்த குகை. உள்ளே இரண்டு புள்ளிக் குதிரைகள், சுமார் இருபத்தொன்பதாயிரம் ஆண்டுக்கு முன் வரைந்தவை. அச்சு எடுத்த நகல் குகைகளுக்குப் பழகிய இந்தக் காலத்தில், அசல் ஓவியத்தை அசல் சுவரில் இங்கே பார்க்கலாம். அதனால்தான் நாளைக்கு இத்தனை பேர் என்று கட்டுப்பாடு வைத்திருக்கிறார்கள். விடுமுறை வாரத்தில் முன்பதிவு இல்லாமல் போகாதீர்கள். உள்ளே பன்னிரண்டு டிகிரிதான், ஏறி வந்த வியர்வையோடு நுழைந்தால் நடுங்கும், ஜாக்கெட்டைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

பிறகு பூசியெஸ் இறங்கி லொத் ஆற்றைத் தாண்டினால், நீங்கள் கேட்ட ஆற்றோர மண்பாதை ஒரு சின்னத் துண்டு கிடைக்கும். படகுகளைக் கயிறு கட்டி இழுப்பவர்கள் நடப்பதற்காக 19-ஆம் நூற்றாண்டில் பாறைச் சுவரைக் குடைந்து போட்ட வழி. தலைக்கு மேல் பாறைக் கூரை, காலுக்குப் பக்கத்தில் ஆறு. காவோர் திராட்சை மதுவை போர்தோவுக்குக் கொண்டுபோன படகுகளின் காலம் அது. 1926-ல் அரசு லொத்தைப் படகுப் போக்குவரத்துப் பட்டியலிலிருந்தே எடுத்துவிட்டது. இந்தத் துண்டில் இறங்கித் தள்ளிக்கொண்டு போங்கள். எதிரே குழந்தைகளோடு வருபவர்கள் அதிகம், ஆற்றுப் பக்கம் தடுப்பு கிடையாது. அதை முடித்தால் சன்-சிர்-லபொப்பி, ஆற்றுக்கு மேலே நூறு மீட்டர் உயரப் பாறையில் தொற்றி நிற்கும் ஊர். மதியத்துக்குப் பிறகு அங்கே நிற்க இடம் இருக்காது. அழகான ஊர்தான், ஆனால் நேரம் குறைவாக இருந்தால் குகையை வைத்துக்கொண்டு ஊரை விடுங்கள் என்பேன். அங்கிருந்து தெற்கே மேட்டில் ஏறி, கொன்கோ பக்கமாக மேற்கே திரும்பி, அர்கம்பாலில் இறங்கினால் காவோர் பக்கம்தான்.

சரி, ஆப். எந்த ஆப் ஆனாலும் பெரும்பாலும் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்ற, பொதுமக்களே சேர்ந்து வரையும் வரைபடத்தின் தரவைத்தான் எடுக்கிறது. அதில் யாரோ ஒருவர் என்றைக்கோ பாதையின் தரத்தைப் பதிந்திருந்தால் சரியாக இருக்கும், பதியாத இடத்தில் ஆப் ஊகிக்கிறது. அதனால் ஆப் போட்ட வழியை ஐஜிஎன் என்ற பிரெஞ்சு அரசு நிலவரைபட நிறுவனத்தின் வரைபடத்தோடு ஒப்பிடுங்கள். தொடர்ச்சியான மெல்லிய கறுப்புக் கோடு என்றால் வண்டிப் பாதை, புள்ளிக்கோடு என்றால் நடைபாதை. புள்ளிக்கோடு நீளமாக வந்தால் மாற்று வழி தேடுங்கள். அடுத்து வான்படத்தைத் திறந்து பாருங்கள். வெள்ளைக் கோடாகப் பளிச்சென்று தெரிந்தால் காஸ்தின். இரண்டு கோடும் நடுவில் பச்சையும் என்றால் இரட்டைத் தடம். மரத்துக்கு அடியில் ஒன்றுமே தெரியவில்லை என்றால் கல் சுவர்ப் பாதையாகவோ புதர் மூடியதாகவோ இருக்கலாம், அதை நம்பி நேரம் கணக்குப் போடாதீர்கள். மற்ற சைக்கிள்காரர்கள் போன தடங்களைக் காட்டும் சூட்டு வரைபடமும் உதவும், ஆனால் மலைச் சைக்கிள்காரர் ஓட்டியதும் அதில்தான் கலந்திருக்கிறது.

மேலே சொன்னதில் எதை உறுதியாக நம்பலாம், எதை நம்பக் கூடாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். நில அமைப்பு, ஏற்றம், மேட்டில் தண்ணீர் இல்லாதது, கமி கஸ்கோவின் அகலம், ஜிஆர்651-இன் கரடுமுரடு, இவை மாறாது. ஒரு குறிப்பிட்ட வாரத்தில் ஒரு குறிப்பிட்ட பாதை எப்படி இருக்கும் என்பதை யாராலும் இங்கிருந்து சொல்ல முடியாது. குளிர்காலத்தில் மரம் வெட்டிய லாரி போயிருந்தால் முழங்கால் ஆழத்துக்குத் தடம் விழுந்திருக்கும். புயலில் மரம் சாய்ந்து கிடக்கும். உங்கள் உடம்பு இரண்டாம் நாள் எப்படி இருக்கும் என்பதும் எனக்குத் தெரியாத விஷயம். அதனால் ஒவ்வொரு நாளுக்கும் நடுவில் ஒரு வெட்டு வழி குறித்து வையுங்கள், எந்த இடத்திலிருந்து ரோட்டைப் பிடித்து நேரே தங்கும் ஊருக்குப் போகலாம் என்று. சின்னத் தார் ரோடுகளை வெறுக்காதீர்கள். ஊரிலிருந்து ஊருக்குப் போகும் ஒற்றை வண்டி அகல ரோடுகளில் அரை மணி நேரத்துக்கு ஒரு கார் வந்தாலே அதிகம்.

தண்ணீரும் ரொட்டியும்தான் இந்த வழியின் உண்மையான அட்டவணை. மேட்டில் ஓடையே கிடையாது. கிளம்பும்போது இரண்டு பாட்டிலும் பையில் ஒரு லிட்டரும் இருக்கட்டும். ஊர்க் கல்லறைத் தோட்டங்களில் அநேகமாக ஒரு குழாய் இருக்கும், பிரெஞ்சு சைக்கிள்காரர்கள் எல்லாரும் அங்கேதான் பிடிப்பார்கள். குடிக்கத் தகாது என்று பலகை இருந்தால் பிடிக்காதீர்கள், வறட்சி வருடத்தில் குழாயை மூடியும் வைப்பார்கள். வீட்டு வாசலில் யாராவது இருந்தால் கேளுங்கள், தண்ணீர் தர மறுத்தவர் யாரையும் நான் அங்கே பார்த்ததில்லை. கடைகள் மதியம் பன்னிரண்டரைக்கு மூடினால் மூன்று மணி வரை திறக்காது. திங்கட்கிழமை ரொட்டிக் கடை பாதி ஊரில் விடுமுறை. அசான்சியோன் வியாழக்கிழமை வருகிறது, அன்று மதியத்துக்கு மேல் எதுவும் கிடைக்காது என்று வைத்தே கிளம்புங்கள். காலையிலேயே ரொட்டியும் ரொக்கமதூர் ஆட்டுப்பால் சீஸும் வாங்கிப் பையில் போட்டுக்கொண்டால் பகல் சாப்பாடு முடிந்தது.

சைக்கிளுக்கு வருவோம். டயர் நாற்பது மில்லிமீட்டருக்குக் குறையாமல், முடிந்தால் நாற்பத்தைந்து, உள்ளே ட்யூப் இல்லாத ட்யூப்லெஸ் வகை. சுண்ணாம்புக் கல் உடைந்தால் கத்தி மாதிரி விளிம்பு வரும், பக்கச் சுவர் மெல்லிய டயரைக் கிழித்துவிடும். எழுபது கிலோ ஆளுக்கு நாற்பத்தைந்து டயரில் இரண்டு பார் அழுத்தத்திலிருந்து தொடங்கிப் பாருங்கள். கல்லில் ரிம் இடித்தால் கொஞ்சம் கூட்டுங்கள். டயருக்குள் ஓட்டையை அடைக்கும் திரவமான சீலண்டைக் கிளம்பும் முன் புதிதாக ஊற்றுங்கள். கிழிசலுக்கு உள்ளே வைக்க ஒரு டயர் துண்டு, ஒரு உபரி ட்யூப், செயின் இணைப்பு, பிரேக் பேட் ஒரு ஜோடி, இவை கட்டாயம். கியரில் மிகச் சிறியது ஒன்றுக்கு ஒன்றோ அதற்கும் லேசாகவோ இருக்க வேண்டும், முன்னால் நாற்பது பல் என்றால் பின்னால் குறைந்தது நாற்பத்திரண்டு பல். வெள்ளைத் தூள் செயினில் அப்பி அரைக்கும். பிசுபிசுப்பான எண்ணெய் வேண்டாம், மெழுகு வகை போடுங்கள், மாலையில் துணியால் துடையுங்கள்.

மே மாதம் நல்ல தேர்வு. ஆர்க்கிட் பூக்கும், ஒன்பது மணி வரை வெளிச்சம், வேட்டைப் பருவமும் இல்லை. செப்டம்பரிலிருந்து பிப்ரவரி முடிய வந்தால் ஆரஞ்சு நிறச் சட்டை போட்டுக்கொண்டு, வேட்டை நடக்கிறது என்ற பலகை கண்டால் திரும்பிவிட வேண்டும். மே மாதத்தில் கவனிக்க வேண்டியது பிற்பகல் இடிமழை. தனி மரத்தடியில் நிற்காதீர்கள். இந்த மேட்டில் ஆடு மேய்ப்பவர்கள் கட்டிய சின்னக் கல் குடிசைகள் வழியெங்கும் உண்டு, கூரை விழாமல் இருந்தால் ஒதுங்கலாம். புல்லில் உட்கார்ந்து எழுந்த மாலை, முழங்காலுக்குப் பின்னாலும் இடுப்பிலும் உண்ணி ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள், லைம் நோய் இங்கே உண்டு. அவசரத்துக்கு 112.

கடைசியாக, இதையெல்லாம்விட முன்னால் செய்ய வேண்டிய இரண்டு வேலை. பாரிஸ் ஓஸ்தெர்லிட்ஸிலிருந்து காவோர் போகும் இன்டர்சிட்டேஸ் ரயிலில் சைக்கிளுக்கு முன்பதிவு கட்டாயம், ஒரு ரயிலுக்குச் சில இடங்கள்தான். டிக்கெட் திறந்த அன்றே போகவும் வரவும் சேர்த்து எடுத்துவிடுங்கள். அந்தத் தடத்தில் பராமரிப்பு வேலைக்காகச் சில நாட்களில் ரயிலுக்குப் பதிலாகப் பஸ் விடுவார்கள், பஸ்ஸில் சைக்கிளை ஏற்றுவார்கள் என்று எண்ணாதீர்கள். அடுத்தது படுக்கை. அசான்சியோன் வாரத்தில் லிமோஞ், ஃபிஜாக், இரண்டிலும் யாத்திரைக்காரர் விடுதிகள் நிறைந்துவிடும். இரவுச் சாப்பாடும் காலைச் சாப்பாடும் சேர்த்துத் தருகிற இடமாகப் பார்த்து, சைக்கிளைப் பூட்டி வைக்க அறை உண்டா என்று போனிலேயே கேட்டுவிடுங்கள். லிமோஞ்சில் இடம் கிடைக்காவிட்டால் வரேரில் கேளுங்கள், அங்கேயும் இல்லையென்றால் முதல் நாளே கஜார்க் வரை போய்விட்டு, இரண்டாம் நாளைச் சுருக்கி வைத்துக்கொள்ளலாம்.